மேல்வீட்டு பாரலல் போன்

பால்வண்ணம் தன் பஜார் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய வருஷம் மேலச்சாலைப்பட்டியில் மழையும் இல்லை, மிளகாய் வத்தலுக்கு விலையும் இல்லை. இருந்தும் அந்தப் பெட்டிகள் மினி லாரியிலிருந்து இறங்கிய அன்று வத்தல் மண்டிக்காரர்களும் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளைகளும் பஜாரில் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஏனென்றால் இனிமேல் வடநாட்டு வியாபாரிக்கு ஒரு விலைத் தாள் அனுப்பக் கோவில்பட்டி வரை பஸ் ஏறிப் போய் அங்கே பேக்ஸ் மெஷின் முன்னால் கால்கடுக்க நிற்க வேண்டாம், கம்ப்யூட்டரே தாளைப் படம் பிடித்து, தானே நம்பரைப் போட்டு, தானே அனுப்பி, 'போய்ச் சேர்ந்தது' என்று தானே சொல்லியும்விடும் என்று பால்வண்ணம் ஊரெல்லாம் அளந்துவிட்டிருந்தார். கம்ப்யூட்டர் அவர் சொன்ன எல்லாவற்றையும் செய்தது. அனுப்புவதை மட்டும் செய்யவில்லை.

முதல் நாள் டயல் டோன் இல்லை என்றது. பால்வண்ணம் வயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினார். மறுநாள் டயல் டோன் இருக்கிறது, எதிர்முனைதான் எங்கேஜ் என்றது. எங்கேஜ் இல்லாத நேரத்தில் பதில் இல்லை என்றது. பதில் வந்த நேரத்தில் இந்தப் பக்கத்து மெஷினும் அந்தப் பக்கத்து மெஷினும் மாறி மாறி விசிலடித்துப் பார்த்துவிட்டு, ஜாதகம் பொருந்தாத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் கழன்றுகொண்டன. வேகம் அதிகம் என்றார்கள், வேகத்தைக் குறைத்தார். நடுவில் வேறு அழைப்பு வந்து கெடுக்கிறது என்றார்கள், கால் வெயிட்டிங் வசதியையே எழுதிக் கொடுத்து நிறுத்தினார். தூத்துக்குடியிலிருந்து வந்த டை கட்டிய ஆள் ஒருவர் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்து, டீ குடித்து, போய்விட்டார். மோடம் என்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்ததும், சாம்பிராணி காட்டியதும், மேஜையைத் தெற்கே பார்த்துத் திருப்பிப் போட்டதும் ஊர்க்காரர்களின் யோசனை.

லைன்மேன் சொள்ளமுத்து கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "போன வருஷ மழையில கேபிளுக்குள்ள தண்ணி இறங்கிருக்கு அண்ணாச்சி. புதுக் கேபிள் வரட்டும், மாத்தித் தாரேன்" என்றார். பிறகு மாடிப்படியைக் காட்டி, "அதுவரைக்கும் மேல இருக்க அந்த பாரலல் போனை யாரும் தொடாமப் பாத்துக்கிடுங்க" என்றார். ஒரே லைனில் கீழே கடைக்கு ஒரு போன், மேலே வீட்டுக்கு ஒரு போன்; அந்தக் காலத்தில் பஜாரில் பாதி வீடுகள் அப்படித்தான். கீழே பேக்ஸ் போய்க்கொண்டிருக்கும்போது மேலே யாராவது ரிசீவரைத் தூக்கினால் போகிற பேக்ஸ் பாதி வழியில் செத்துப்போகும். அதனால் பால்வண்ணம் தன் மனைவி ஜெயக்கொடியிடம், "தாயே, சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கமே போகாத" என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தார்.

ஜெயக்கொடிக்கு பஸ் ஸ்டாண்டில் வேலை. நேரக்காப்பாளர் அறையில் ஜன்னலோரம் மைக்கைப் பிடித்து உட்கார்ந்து, எந்த பஸ் எந்த ஊருக்கு எங்கே நிற்கிறது என்று விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். நாலு மூலையிலும் கட்டியிருந்த குழாய்களில் அவள் குரல் கிளம்பினால் பஜாரைத் தாண்டி, கண்மாயைத் தாண்டி, கரிசல் காட்டில் களை வெட்டுகிறவர்கள் காது வரைக்கும் போகும். பஸ்ஸைத் தவறவிட்டவன்கூட அவள் சொல்லி முடிக்கிற வரை நின்று கேட்டுவிட்டுத்தான் டிரைவரைத் திட்டுவான்.

ஒரு மத்தியானம் வேலை முடிந்து வந்தவள், மறுநாள் முறை தனக்கா வேறு ஆளுக்கா என்று டெப்போவில் கேட்பதற்காக, புருஷன் கும்பிட்டதையெல்லாம் மறந்து ரிசீவரைத் தூக்கிவிட்டாள். காதுக்குள் விசில் பாய்ந்தது. பதறி வைத்திருந்தால் கதையே இல்லை. ஆனால் வருஷக்கணக்காக ஹாரனுக்கும் இரைச்சலுக்கும் மேலே ஏறிச் சொல்லிப் பழகிய அவள் தொண்டை, அவளைக் கேட்காமலே, அந்த விசிலுக்கு அதே சுருதியில் ஒரு பதில் விசிலைக் கொடுத்தது. அது நீண்டு, பிசிறடித்து, தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் கரகரத்து, அடங்கியது. கீழே கம்ப்யூட்டர் தன் ஆயுளில் முதன்முறையாக 'போய்ச் சேர்ந்தது' என்றது. கான்பூர் வியாபாரி உடனே போன் போட்டு, தாள் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்திருக்கிறது, லேசாக ஏதோ பூ வாசமும் அடிக்கிறது என்றார். அன்று ஜெயக்கொடி பிச்சிப்பூ வைத்திருந்தாள்.

எப்படி என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குக் கடை திறப்பீர்கள் என்றுதான் கேட்டார்கள். வத்தல் மண்டி ரத்தினசாமி அண்ணாச்சி மறுநாளே ஒரு கட்டுத் தாளோடு வந்து முதல் ஆளாக நின்றார். பின்னால் தீப்பெட்டிக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் துபாய்க்கு விசா காகிதம் அனுப்புகிறவர்கள், கல்யாணப் பத்திரிகைக்காரர்கள், மாமனார் வீட்டில் போனே இல்லை என்று தெரிந்தும் ஜாதகத்தை அனுப்பிப் பார்த்த ஒருவர் (அதுவும் போய்ச் சேர்ந்தது, அவர்கள் வீட்டு அடுக்குப்பானைக்கு நடுவில்). அவள் தொண்டை கெடக்கூடாது என்று அந்தத் தெருவில் சாயங்காலம் யாரும் மிளகாய் வறுப்பதில்லை என்று பெண்கள் தங்களுக்குள் பேசி முடித்தார்கள். மண்டிக்காரர்கள் வத்தல் காயப்போடுகிற இடத்தைக் காற்றுக்கு மறுபக்கமாக மாற்றினார்கள். பனங்கற்கண்டும் சுக்கும் வீட்டு வாசலில் தானாக வந்து சேர்ந்தன. அம்மன் கோவில் ரேடியோ செட்டுக்காரர் பேக்ஸ் நேரத்தில் பாட்டை நிறுத்தி வைத்தார். அதற்கு முன் அம்மன் கொடைத் திருவிழாவில்கூட அவர் யாருக்காகவும் நிறுத்தியதில்லை.

ஜெயக்கொடி மறுப்புச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து, அது சொல்கிற குற்றங்களை வாசித்து வாசித்துச் சுருங்கிப்போன புருஷன் முகத்தை அவள் பார்த்திருந்தாள். ஊர் அவரைக் கேலி செய்தது அவளுக்குத்தான் அதிகம் வலித்தது. "லைன் சரியாகுற வரைக்கும்தான், கொடி. கேபிள் வந்துட்டா நீ அந்த போனைத் தொடவே வேண்டாம்" என்று பால்வண்ணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவள் நம்பினாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அவள் மைக்கைத் தட்டி, "பயணிகள் கவனத்திற்கு, அடுத்துப் புறப்பட இருப்பது..." என்று ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தை வாய்க்கு வரவில்லை. எதிரே பஸ் நின்றது, போர்டும் இருந்தது, படித்தாள், படித்த வேகத்திலேயே அது வழுக்கிக்கொண்டு போனது. பஸ் உறுமுகிறது, ஜனம் பார்க்கிறது. "அதான்... கடலை மிட்டாய் ஊருக்குப் போற பஸ்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளரிக்காய் விற்கிற மயிலக்கா, "கோவில்பட்டி, தாயி!" என்று குரல் கொடுத்தாள். "கோவில்பட்டி" என்று ஜெயக்கொடி நன்றியோடு மைக்கில் திரும்பச் சொன்னாள். அடுத்த கோவில்பட்டி பஸ் வருவதற்குள் அது மறுபடியும் போயிருந்தது.

அதற்குப் பிறகு ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அல்வா ஊர் என்றாள், "திருநெல்வேலி!" என்றார்கள். பால்கோவா ஊர் என்றாள், "சீவில்லிபுத்தூர்!" என்றார்கள். முருகன் கடலைப் பார்த்து நிற்கிற ஊர் என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பஸ் ஸ்டாண்டே ஒரே குரலில் "திருச்செந்தூர்!" என்று கத்தியது. முதலில் பரிதாபத்துக்குக் கத்தினார்கள், பிறகு பழக்கத்துக்கு, அப்புறம் ஆசைக்கு. அவள் ஜன்னல் வழியே புருவத்தைத் தூக்கினால் போதும். டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்துவார், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் நிமிர்வாள், செக்கர்கூட நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு காத்திருப்பார், வார்த்தை கிளம்பும். 'ரெண்டு அல்வா' என்று டிக்கெட் கேட்டவர்களுக்குக் கண்டக்டர்கள் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுத்தார்கள். வெளியூர்க்காரன் எவனாவது சிரித்தால் அவனுக்கு அன்று பஸ்ஸில் இடம் கிடைக்காது. இப்படிக் காலையில் வார்த்தை எடுத்துக் கொடுத்த அதே வாய்கள்தான் சாயங்காலம் தாளோடு வந்து, "மதினி, இது ஒண்ணு மட்டும்" என்று பால்வண்ணம் கடையில் நின்றன. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெடவில்லை.

வீட்டிலும் வார்த்தைகள் போயின. அதிகம் புழங்கிய வார்த்தை முதலில் போனது. "ஏங்க, குழம்புக்குக் கொஞ்சம் அந்த..." என்று அவள் ஆரம்பிப்பாள். "உப்பு" என்பார் பால்வண்ணம், அவள் தேடுவதற்கு முன்பே. "வெளியில போகும்போது அதை மாட்டிக்கிட்டு..." "செருப்பு." "எங்க அம்மா கூடப் பொறந்தவுக வந்திருந்தாக, அவுக..." "மாமா." கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சில் பாதியைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், இப்போது அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருப்பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். "நான் முழுசாச் சொன்னாலே என் வீட்டுக்காரருக்கு ஏறாது. இவுகளப் பாரு, பாதியிலேயே எடுத்துக் குடுக்காக" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஜெயக்கொடிக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. வார்த்தை போனால் போகிறது, அது விட்ட இடத்தில் புருஷன் வந்து நிற்கிறாரே என்று உண்மையிலேயே மகிழ்ந்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

"எனக்கு ஏன் இப்படி ஆகுது?" என்று கேட்டாள். "அசதி. ஒடம்புச் சூடு. எண்ணெய் தேச்சுக் குளி" என்றார். "லைன் சரியாயிருச்சா?" என்று கேட்டாள். "எங்க! இன்னைக்கும் எரர்தான்" என்று சலித்துக்கொண்டு, அன்றைக்கு வந்த தவற்றை அவளுக்கு விளக்கமாகச் சொல்வார்: முதலில் டோன் வந்தது, பிறகு அந்தப் பக்கம் எடுத்தார்கள், விசில் வந்தது, பாதித் தாள் போனது, பார்த்தால் அறுந்துபோனது. ஒவ்வொரு நாளும் ஒரு புதுத் தவறு. கேட்டுக்கொண்டே அவள் அவருக்காக வருத்தப்படுவாள்.

ஒரு நாள் மத்தியானம் மேல்வீட்டு போனில் 'டிங்' என்று ஒற்றை மணி விழுந்தது. கீழே நம்பர் போடுகிறபோது அப்படித்தான் விழும். பேக்ஸ் என்று நினைத்து ரிசீவரைத் தூக்கினாள், தொண்டையையும் சரி செய்துகொண்டாள். விசில் வரவில்லை. பால்வண்ணம் சொள்ளமுத்துவோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சித்திரையிலேயே புதுக் கேபிள் மாத்திக் குடுத்துட்டேன்லா. இப்ப ஐப்பசி. லைன் கிண்ணுன்னு இருக்கு. இன்னும் எதுக்கு மதினியப் போட்டுப் படுத்துதீக?"

"மெஷின்ல போட்டா ட்ரங்க்கால் பில்லு ஏறுதுடே. ஒண்ணு எங்கேஜுங்கான், ஒண்ணு பேப்பர் இல்லைங்கான். இவ வழியாப் போனா பில்லும் கெடையாது, ஒண்ணுகூடத் திரும்பி வாரதில்ல. ஜனமும் பூ வாசத்துக்குத்தான வருது?"

"மதினிக்குப் பேச்சு கொறஞ்சுக்கிட்டே போகுதுன்னு பஸ் ஸ்டாண்டுல சொல்லுதாக. ஒரு பேக்ஸுக்கு ஒரு வார்த்தை போகுதோ என்னமோ."

"என்னமோ என்ன, அதான். எனக்கு மொத வாரமே தெரியும். அதான் பக்கத்துலயே இருந்து எடுத்துக் குடுத்துக்கிட்டு வாரேன், அவளுக்குச் சந்தேகம் வராம." பிறகு, "பொம்பளைக்குக் கொஞ்சம் பேச்சு கொறஞ்சா வீட்டுக்கு நல்லதுதானடே" என்று சொல்லிச் சிரித்தார்.

இதற்கு மேல் அவரை 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி இந்தக் கதையில் பால்வண்ணத்துக்கு மரியாதை கிடையாது.

ஜெயக்கொடி ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள். அடுப்படிக்குப் போனாள். உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு என்ன பேர் என்று தெரியவில்லை, அவன் அதைச் சொல்லும்போது அவன் குரல் எவ்வளவு குழைவாக இருந்தது என்று மட்டும் ஞாபகம் இருந்தது. வார்த்தைகளை எடுத்துக்கொண்டதைக்கூடப் பொறுத்திருப்பாள். கேட்டிருந்தால் அவளே கொடுத்திருப்பாள். அந்தக் குழைவை, அந்தப் பாசத்தை, தெருவே கண் வைத்த அந்த அக்கறையைத் திருட்டை மூடும் துணியாக அவன் விரித்து வைத்திருந்தான் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அழுகை வந்தது, அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, சாயங்கால முறைக்காரரை எழுப்பிவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

பேக்ஸ் நேரம் வந்தது. கடையில் கூட்டம். பால்வண்ணம் மாடியைப் பார்த்து, "கொடி!" என்றான். ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "வீட்டுல ஆளக் காணும். நாளைக்கு வாங்க" என்றான். ரத்தினசாமி அண்ணாச்சிக்கு அன்றே போயாக வேண்டிய தாள். "சும்மா ஒரு தடவ மெஷின்லயே போட்டுத்தான் பாரேன்" என்றார். "அண்ணாச்சி, லைன் ஒத்துக்கிடாது." "ஒத்துக்கிடலைன்னா எரர்தான வரப்போகுது? போடு." கூட்டமும் போடு என்றது. மறுக்க வழியில்லை. எப்படியாவது ஒரு தவறு வந்துவிட வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டு பால்வண்ணம் பொத்தானை அழுத்தினான். டோன் வந்தது. நம்பர் போனது. அந்தப் பக்கம் எடுத்தது. விசிலும் விசிலும் ஒரே மூச்சில் பொருந்தின. திரையில் 'போய்ச் சேர்ந்தது' என்று வந்து நின்றது.

அந்த வார்த்தையைப் பார்க்க அத்தனை நாள் ஏங்கிய ஊர், இப்போது அதைப் பார்த்துவிட்டுக் கையில் நீட்டியிருந்த தாள்களை மடித்துக்கொண்டது. அண்ணாச்சி மெதுவாகத் திரும்பி, வாசலில் சைக்கிளோடு நின்ற சொள்ளமுத்துவைப் பார்த்து, "லைன் எப்ப சரியாச்சு?" என்று கேட்டார். சொள்ளமுத்து சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு, "சித்திரையில" என்றார். கேட்டவர்களில் பலர் சித்திரையிலிருந்து தாங்கள் அனுப்பிய தாள்களையும், மறுநாள் காலைகளில் ஜெயக்கொடிக்குத் தாங்கள் எடுத்துக் கொடுத்த வார்த்தைகளையும் சேர்த்து நினைத்துப் பார்த்தார்கள். அவள் போக வேறு இடமில்லை என்று தெரிந்த பால்வண்ணம் கடையைப் பூட்டாமலே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினான். கூட்டம் பின்னால் போனது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றான். உள்ளே மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. "கொடி, வீட்டுக்கு வா. எல்லாரும் பாக்காக" என்றான். நாலு மூலைக் குழாயும் அதைச் சொன்னது.

ஜெயக்கொடி அவனைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று உள்ளே தேடினாள். சாப்பாட்டுச் சொற்கள் இல்லை, உறவுச் சொற்கள் இல்லை, ஊர்கள் இல்லை. தினமும் எடுத்துப் புழங்கியதெல்லாம் போயிருந்தது. வாழ்நாளில் ஒரு தடவைகூட அவள் வாய் தொடாத சொற்கள் மட்டும் பெட்டியில் மடித்து வைத்த புடவை மாதிரி கசங்காமல் இருந்தன. அதில் ஒன்றை எடுத்தாள்.

"இது துரோகம்" என்றாள்.

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அது பஜாரைத் தாண்டி, கண்மாயைத் தாண்டிப் போனது. மயிலக்கா கையிலிருந்த வெள்ளரிக்காயைக் கூடையில் வைத்தாள்.

பால்வண்ணம் அழ ஆரம்பித்தான். அழுகை பொய்யில்லை, அதையும் சொல்ல வேண்டும். "தப்புதான். தெரிஞ்சேதான் பண்ணேன். கொடி, என்னை மன்னிச்சிரு. மன்னிச்சாச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

அவள் முகம் குழம்பியது. கோபத்தில் முறுக்கிக்கொள்ளவில்லை, நிஜமாகவே அவன் கேட்பது என்னவென்று தெரியவில்லை. காதில் சத்தம் விழுந்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. கல்யாணமான புதிதில் அவள் சீர்ப் பாத்திரத்தை அவன் கேட்காமல் விற்றபோதும், அவள் அப்பா சாவுக்கு அவன் மறுநாள் வந்தபோதும், குடித்துவிட்டு வந்த ராத்திரிகளிலும், அப்புறம் சின்னதும் பெரிதுமாக அவன் செய்த அத்தனைக்கும், "சரி, மன்னிச்சாச்சு, போங்க" என்று சொல்லிச் சொல்லி, அவள் வாயில் உப்பைவிட அதிகமாகப் புழங்கிய வார்த்தை அது. எந்த வத்தல் லோடோடு, எந்தத் தீப்பெட்டி பில்லோடு அது போனதோ. அனுப்பியவன் அவன்தான்.

"எதைக் கேக்குறீங்க?" என்றாள். தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. பழக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே திரும்பி, அங்கே நின்றவர்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தினார். கண்டக்டர்கள் படிக்கட்டில் நின்றார்கள். பால்வண்ணமும் கன்னத்தில் கண்ணீரோடு அவர்கள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாகக் கெஞ்சினான். ரத்தினசாமி அண்ணாச்சி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.